வேலை தேடுவோருக்குத் துணை யார்?

தோட்டம் விலை போகிறது. கித்தா மரங்கள் சாய்கின்றன. லயத்திலிருந்த தொழிலாளி வேலையோடு வீட்டையும் இழந்து நிற்கிறார். இருபது ஆண்டுகள் பால் வெட்டிய அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை யாது? "கணினியில் பதிந்துகொள், பட்டணத்தில் வேலை பார்" என்பதே. இதனை உதவி என்று நாம் ஏற்பதற்கில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புக்கு உள்ளானவர் ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்திருந்தால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் பெற உரியவர். 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 2018 முதல் சொக்சோ வேலையிழந்தோருக்கு உதவித்தொகை வழங்குகிறது; புது வேலை தேடவும் உதவுகிறது. ஆனால் தாமாக விலகியவருக்கு இது கிடையாது! நிர்வாகம் நீட்டும் தாள் விலகல் கடிதமாயிருந்து, படியாமல் கையெழுத்திட்டால் உரிமைக்கே ஆபத்து. மனுச் செய்வதற்கும் 60 நாள் கெடு வைத்தது அச்சட்டம்.

காயமுற்ற தொழிலாளர் மீண்டும் வேலைக்குத் திரும்ப, 2007-இல் சொக்சோ ஒரு திட்டம் தொடங்கியது. அதில் ஓர் அதிகாரி தொழிலாளியை நேரில் கண்டு, மருத்துவரையும் முதலாளியையும் கலந்து பேசி, அவர் வேலையில் அமரத் துணை நிற்கிறார். வேலையிழந்த தோட்டத் தொழிலாளிக்கும் இம்முறையே வேண்டும் என்கிறோம்.

முதலாவது, அவர் என்ன செய்ய வல்லவர் என்று கேட்க வேண்டும். விடியுமுன் எழுந்து, மரத்துக்குக் காயம்படாமல் பட்டை சீவுகிறவரைத் "தொழில் தெரியாதவர்" என்று பாரத்தில் எழுதுவது அநியாயம். இரண்டாவது, அவருக்குள்ள தடையை நீக்க வேண்டும். பஸ் இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, மலாய்ப் பாரம் நிரப்பத் தெரியவில்லை என்று நிற்பவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி என்ன பயன்? மூன்றாவது, வேலை கிடைத்த பின்னும் முதற் சம்பளம் கைக்கு வரும்வரை விசாரித்து வர வேண்டும். மனம் சோர்ந்து பலர் திரும்பிவிடுவது அந்த நாள்களில்தான்.

அதிகாரி வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவரை இப்பணிக்கு நியமிக்கட்டும். பாரம் எழுதுவது கிராணிகளாகிய நமக்கு அன்றாட வேலை. நம் பேனா நிர்வாகத்துக்கு மட்டுந்தானா உழைக்க வேண்டும்?

தோழர்களே! எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் கிளைக்கு வாருங்கள். படித்துச் சொல்ல நாம் இருக்கிறோம்.