அந்தத் தாள் ஒரு ராத்திரி வீட்டில் இருக்கட்டும்

என் மச்சான் பதுளையில் ஒரு பழைய ஜப்பான் வேன் எடுத்தார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும், மற்ற நேரம் நமுனுகுலைக்கும் பசறைக்கும் இடையில் கிடைக்கிற ஹயரை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். கொஞ்சம் கைக்காசு, மீதி லீசிங். எல்லாக் கையெழுத்தும் முடிந்து எழும்புகிற நேரத்தில் இன்னொரு தாள் மேசைக்கு வந்தது. "இன்ஜினுக்கும் கியர்பொக்ஸுக்கும் மூணு வருஷ வாரண்டி அண்ணே. தனியா காசு கட்டத் தேவையில்ல, லீசிங்கோட சேர்த்துடுவோம். இன்னைக்குப் போடாட்டி இந்த விலைக்குக் கிடைக்காது." வெளியே மழை, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. மச்சான் கையெழுத்து போட்டார். தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

ஒன்பதாம் மாதம் கியர்பொக்ஸ் போனது. வாரண்டிக்காரர்களுக்குப் போன் எடுத்தால், "வாடகைக்கு ஓடின வாகனத்துக்கு இது செல்லாது" என்றார்கள். ஐந்தாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், அப்படித்தான் இருந்தது. ஆனால் ஹயர் ஓடத்தான் வேன் எடுக்கிறேன் என்று மச்சான் அந்த மேசையிலேயே சொல்லியிருந்தார். விற்றவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் தாளை நீட்டினார். இதைப் படிக்காதவனின் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயன்படாது என்று தெரிந்தே ஒரு பொருளை விற்பதற்குத் தமிழில் ஏமாற்று என்று பெயர்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்ற பயமும் கூடவே ஏறியது. நீட்டித்த வாரண்டி விற்கிறவர் நம்மிடம் விற்பது அந்தப் பயத்துக்கு மருந்து. மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் அவர் வாசித்துக் காட்டுவதில்லை.

இப்படியான தாள்களில் 'தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை' என்ற ஒரு வரி வழக்கமாக இருக்கும். கொழும்பில் ஓடுகிற காருக்கு அது சின்ன வரி. நமுனுகுலையிலிருந்து பசறைக்கு இறங்குகிற வண்டிக்கு அதுதான் முழுத் தாளும். பிரேக், கிளச் பிளேட், டயர், புஷ் என்று மலைப்பாதை தின்கிற ஒவ்வொன்றும் தேய்கிற சாமான். அதற்கடுத்து, குறித்த இடத்தில், குறித்த கிலோமீற்றரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து ஒரு சர்வீஸ் தள்ளிப்போனாலும், அவசரத்துக்கு ஊர்க் கராஜ் பாஸ் ஒருவர் போல்ட்டைத் திருகியிருந்தாலும், தாளின் உயிர் போய்விடலாம். நம் ஊரில் வண்டி ஓடுவதே அந்த பாஸ்மாரின் கையால்தான்.

பணக் கணக்கையும் பார்ப்போம். ஒரு வாரண்டியின் விலை 60,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை லீசிங்கில் சேர்த்தால் அந்தத் தொகைக்கும் வட்டி ஓடும். வாரண்டி முடிந்த பிறகும் தவணை ஓடலாம். மச்சானின் மனைவியான என் தங்கை கொழுந்து பறிக்கிறவள். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் வட்டியே இல்லாமல் பார்த்தாலும் 60,000 ரூபா என்பது, ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று, நாற்பத்தைந்து பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நாற்பத்தைந்து நாள் மலை ஏறிப் போட்ட பேர். "மாசம் கொஞ்சந்தானே அண்ணே" என்று மேசையில் சொன்ன போது அந்த நாற்பத்தைந்து நாளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் பாட்டன்மாரின் காலத்தில் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்ட ஒருவர் முன்வந்தால்தான் அவர் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியும். தன்னைக் கட்டிப்போட்டிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே ஆயிரமாயிரம் பேர் வாழ்ந்து முடிந்தார்கள். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. வாரண்டித் தாளைத் துண்டோடு சேர்த்துப் பேசுவது மிகை என்று சிலர் சொல்லலாம். இங்கே யாரும் யாரையும் அடைத்து வைக்கவில்லைதான். ஆனாலும் வாசிக்க முடியாத தாளில் கைவைத்து, அதன் கடனை வருடக்கணக்கில் கட்டுவது இந்த மலைக்குப் புதிதல்ல என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை வருடமாகிவிட்டது. பதுளையின் அந்த மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறான வழியில் நடத்துகிற, ஏமாற்றுகிற எந்த நடத்தையையும் வியாபாரிக்குத் தடுக்கிறது. கொடுத்த வாரண்டியை மீறினால் முறையிட 13ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு கால எல்லையும் இருக்கிறது: விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அரிசிக்கும் அயன் பெட்டிக்கும் அது போதும். மூன்று வருட வாரண்டிக்கு? கம்பனி வாரண்டி முடிந்த பிறகுதான் தொடங்குகிற நீட்டித்த வாரண்டிக்கு? வாக்குறுதி கண் விழிக்கும் முன்பே முறையீட்டுக் கதவு மூடிவிடுகிறது. மச்சானின் வேனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அது மூடிவிட்டது.

இதைத் திருத்த வேண்டும். நீண்டகால வாரண்டி விற்கப்பட்டால், மூன்று மாதத்தை விற்ற நாளிலிருந்து எண்ணாமல், கம்பனி கைவிரித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எவற்றுக்கு வாரண்டி செல்லாது என்ற பட்டியல் வாங்குகிறவரின் மொழியில், முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊவாவிலிருந்து பாராளுமன்றம் போனவர்கள், எந்தக் கட்சியானாலும், இந்த இரண்டையும் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

வசதியான நாடுகளிலும் இதே வியாபாரம்தான். அமெரிக்காவில் 'உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது' என்று தானியங்கிக் குரலில் மக்களை வதைத்த ஒரு கும்பலின் அழைப்புகளை நிறுத்துமாறு 2022 ஜூலையில் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் போன் கம்பனிகளுக்குக் கட்டளையிட்டது. 2021இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளை எடுத்த குற்றத்துக்காக 2023 ஓகஸ்டில் விதித்த அபராதம் ஏறக்குறைய 30 கோடி டொலர். விளம்பரத்தில் சொன்னபடி நடக்கவில்லை என்று கார்ஷீல்ட் என்ற பெரிய நிறுவனம் 2024 ஜூலையில் ஒரு கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. அதற்கும் முன்பு, 2010இல், யூஎஸ் ஃபிடெலிஸ் என்ற வாரண்டி விற்பனை நிறுவனம் வங்குரோத்தானது. வாரண்டியை வாங்குகிற போது வண்டியின் ஆயுளைப் பற்றி யோசிக்கிறோம்; கம்பனியின் ஆயுளையும் கேட்க வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை நம் கையில் இருப்பது ஒரு ராத்திரி. யார் எந்தத் தாளை நீட்டினாலும், "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டு நாளைக்கு வாறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரின் வாரண்டி நமக்கு வேண்டாம். தாளைப் போனில் படம் எடுத்து கொழும்பில் வேலை செய்கிற மகனுக்கு அனுப்பலாம், உயர்தரம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். முதலில் 'எதற்குச் செல்லாது' என்ற பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஹயர் ஓடலாமா, ஊர்க் கராஜில் காட்டலாமா என்று கேட்டு, "ஓம்" என்றால் அந்த "ஓம்" பில்லில் எழுதப்பட்டு கையெழுத்தாகட்டும். வாரண்டி இல்லாமல் லீசிங் மாதம் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் தனித்தனியே கேளுங்கள். வாரண்டி எடுத்தால்தான் லீசிங் என்று யாராவது சொன்னால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இலக்கத்தில் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். மச்சானும் அப்படித்தான், தங்கையிடமே இரண்டு கிழமை சொல்லாமல் இருந்தார். கியர்பொக்ஸை ஊர் பாஸ் ஒருவர்தான் பழைய சாமான் தேடிப் போட்டு ஓட வைத்தார். பிள்ளைகள் பழையபடி அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். லீசிங் முடிய இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்த வாரண்டிக்கான பங்கும் அதில் போய்க்கொண்டிருக்கிறது.