காலம் தவறும் ஆங்கில வினைகள்: திருத்தும் வழி தமிழ் இலக்கணத்தில் உண்டு



க.பொ.த. (சா/த) ஆங்கில வினாத்தாளின் எழுத்துப் பகுதியில் தமது தந்தையைப் பற்றி ஒரு மாணவி பின்வருமாறு எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். ஆங்கில வாக்கியங்களை இங்கு தமிழ் எழுத்திலேயே தருகின்றோம். அவற்றை வாய்விட்டு வாசித்து, உங்கள் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பயிற்சியே.

"மை ஃபாதர் இஸ் அ ஃபிஷர்மன். ஹி வென்ட் டு த சீ எவ்ரி நைட். ஹி கம்ஸ் ஹோம் இன் த மோர்னிங். ஹி வோஸ் அ கைண்ட் மேன்."

நான்கு வாக்கியங்களையும் தனித்தனியாக நோக்கினால் ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் ஒன்றாகச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். தந்தை கடற்றொழிலாளி என்று முதல் வாக்கியம் நிகழ்காலத்தில் கூறுகிறது. இரண்டாவது, கடலுக்குப் போனார் என்கிறது. மூன்றாவது, வீட்டுக்கு வருகிறார் என்கிறது. நான்காவது, அன்பானவராக இருந்தார் என்று முடிகிறது. அப்படியானால் அந்தத் தந்தை இப்போது இருக்கிறாரா, இல்லையா?

நம் நாட்டில் இது சிறிய கேள்வி அன்று. விடைத்தாளைத் திருத்தும் பரீட்சகர் அந்த மாணவியை அழைத்து விசாரிக்க முடியாது. அவருக்கு முன்னால் இருப்பது தாள் மட்டுமே. வினைச்சொல் காட்டும் காலத்தைத்தான் அவர் நம்ப வேண்டும். எனவே காலம் தடுமாறும்போது புள்ளி மட்டும் குறைவதில்லை. நீங்கள் சொல்ல வந்த செய்தியே மாறிவிடுகிறது.

இப்பிழையைப் போக்க மாணவர்களுக்கு இரண்டு ஆலோசனைகள் வழமையாகக் கூறப்படுகின்றன. ஒன்று, காலங்களின் அட்டவணையை மனனம் செய்யுங்கள் என்பது. மற்றையது, தமிழை மறந்து ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள் என்பது. அட்டவணை தேவைதான். ஆனால் "கோ, வென்ட், கோன்" என்று ஒரு மூச்சில் ஒப்புவிக்கும் மாணவரும் கட்டுரையில் தடுமாறுகிறார். இரண்டாவது ஆலோசனையோ, பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மொழிமூலம் கற்ற ஒருவருக்கு நடைமுறையில் இயலாதது. எமது கருத்து இதற்கு மாறானது. தமிழை மறக்க வேண்டாம். தமிழ்ப் பாடத்தில் நீங்கள் கற்ற வினை இலக்கணத்தைக் கொண்டே இப்பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கலாம். தமிழ் வினையும் ஆங்கில வினையும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கேதான் நாம் அதிகம் வழுக்குகிறோம்.

அவ்வாறான நான்கு இடங்களைக் கீழே நோக்குவோம்.

1. எச்சமும் முற்றும்

"நான் காலையில் எழுந்து, தேநீர் குடித்து, பாடசாலைக்குப் போனேன்." இவ்வாக்கியத்தில் முற்றுவினை ஒன்றே, அது "போனேன்" என்பது. எழுந்து, குடித்து என்பன வினையெச்சங்கள். இவற்றை இறந்தகால வினையெச்சம் என இலக்கணம் கூறுகிறது. எனினும் "எழுந்து போனேன்", "எழுந்து போகிறேன்", "எழுந்து போவேன்" என மூன்று காலத்துக்கும் எழுந்து என்ற அதே சொல் பொருந்துவதைக் கவனியுங்கள். அச்செயல் முதலில் நடந்தது என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. வாக்கியத்தின் காலத்தை இறுதியில் நிற்கும் முற்றே தீர்மானிக்கிறது.

இந்தப் பழக்கத்துடன் ஆங்கிலம் எழுதும்போது, காலம் காட்டும் பொறுப்பை ஒரு வினையிடம் மட்டும் விட்டுவிடுகிறோம்.

பிழை: "ஐ கெட் அப், ட்ரிங்க் டீ அண்ட் வென்ட் டு ஸ்கூல்."
திருத்தம்: "ஐ கொட் அப், ட்ராங்க் டீ அண்ட் வென்ட் டு ஸ்கூல்."

ஆங்கிலத்தில் "அண்ட்" என்ற சொல்லால் இணைந்து வரும் இவ்வினைகள் ஒவ்வொன்றும் முற்றுவினையே. ஆகவே ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும். தமிழில் எச்சங்கள் அடுக்கி வரும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் இதனை நினைவிற்கொள்க.

2. வழக்கத்தைக் குறிக்கும் எதிர்காலம்

"நான் தினமும் ஐந்து மணிக்கு எழும்புவேன்" என்கிறோம். "சின்ன வயதில் அப்பப்பா எங்களுக்குக் கதை சொல்லுவார்" என்கிறோம். இரண்டும் வடிவத்தில் எதிர்காலம். பொருளில் எதிர்காலம் அல்ல. முதலாவது இன்றைய வழக்கம். இரண்டாவது அன்றைய வழக்கம். தமிழ் இதற்கு இடமளிக்கிறது. ஆங்கிலத்தில் வழக்கத்தைக் கூறும் சாதாரண வழி வேறு.

பிழை: "ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே."
திருத்தம்: "ஐ கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே."

பிழை: "வென் ஐ வோஸ் ஸ்மோல், மை கிராண்ட்ஃபாதர் வில் டெல் அஸ் ஸ்டோரிஸ்."
திருத்தம்: "வென் ஐ வோஸ் ஸ்மோல், மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு டெல் அஸ் ஸ்டோரிஸ்."

"வில்" என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் உங்களையே கேளுங்கள்: இது இனிமேல் நடக்கப்போவதா, அல்லது வழக்கமா? வழக்கமெனின் அங்கு "வில்" வேண்டியதில்லை.

3. எதிர்மறை

"அவன் இப்போது போகவில்லை", "அவன் நேற்றுப் போகவில்லை." இரண்டிலும் போகவில்லை என்ற ஒரே சொல்தான். இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் தமிழ் இங்கு வேறுபடுத்துவதில்லை. ஆங்கிலம் வேறுபடுத்துகிறது. இப்போது எனின் "ஹி இஸ் நொட் கோயிங்". நேற்று எனின் "ஹி டிட் நொட் கோ".

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. இறந்தகாலம் என்பதை அறிந்த மாணவர் "ஹி டிட் நொட் வென்ட்" என எழுதிவிடுகிறார். "டிட்" என்ற சொல்லே இறந்தகாலத்தைக் காட்டிவிட்டது. அதன்பின் வரும் வினை அதன் அடிப்படை வடிவிலேயே நிற்கும். "டிட் ஹி கோ?" என்ற வினா வாக்கியத்துக்கும் இவ்விதியே பொருந்தும்.

4. பிறர் கூற்று

"எனக்குப் பசிக்கிறது என்று தம்பி சொன்னான்." சொன்னான் என்பது இறந்தகாலமாயினும் பசிக்கிறது என்பது நிகழ்காலமாகவே நிற்கிறது. தம்பி சொன்னதை அவன் வாயிலிருந்து வந்தபடியே தருவது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் மேற்கோட்குறிக்குள் எழுதினால் நாமும் அவ்வாறே செய்யலாம்: மை பிரதர் செட், "ஐ எம் ஹங்ரி." அயற்கூற்றாக மாற்றும்போது காலம் பொதுவாகப் பின்னோக்கிச் செல்லும்: "மை பிரதர் செட் தட் ஹி வோஸ் ஹங்ரி." கதை எழுதும் மாணவர்கள் இவ்விடத்தில் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும்.

காலம் மாறுவது எல்லாம் பிழையா?

அன்று. வழு, வழாநிலை, வழுவமைதி என்பவற்றை நீங்கள் தமிழ் இலக்கணத்தில் கற்றிருப்பீர்கள். "நேற்று வருவான்" என்பது கால வழு. ஆனால் அம்மா கூப்பிடும்போது, இன்னும் எழும்பாமலே "இதோ வந்துவிட்டேன்" என்கிறோம். அது விரைவு பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட வழுவமைதி. இதனை ஆங்கிலத்தில் அப்படியே மாற்றினால் பொருந்தாது. அங்கு "ஐ எம் கமிங்" என்பதே வழக்கு.

ஆங்கிலக் கட்டுரையிலும் காலம் மாற வேண்டிய இடங்கள் உண்டு. பின்வருவதை நோக்குக.

"லாஸ்ட் மந்த் வீ வென்ட் டு கன்னியா. தேர் ஆர் செவன் ஹொட் வெல்ஸ் தேர். வீ டுக் மெனி ஃபோட்டோஸ்."

சென்றது கடந்த மாதம். ஆகவே "வென்ட்". திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே "ஆர்". படம் எடுத்தது சுற்றுலாவின்போது. ஆகவே மீண்டும் இறந்தகாலம். இது வழுவே அன்று. உண்மையான காலம் மாறியதால் வினையின் காலமும் மாறியது.

எனவே "ஒரு கட்டுரை முழுவதும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும்" என்று எவரேனும் கூறினால் அதனை முழுமையாக ஏற்க வேண்டாம். நினைவிற்கொள்ள வேண்டிய விதி இதுவே: காரணமின்றிக் காலத்தை மாற்றாதீர்கள், மாற்றினால், ஏன் என்று கேட்பவருக்கு உங்களிடம் பதில் இருக்கட்டும்.

மனனம் செய்த கட்டுரைகள்

காலத் தடுமாற்றத்துக்கு இன்னொரு காரணத்தையும் வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குள் செல்லும் வழக்கமே அது. "எனது பாடசாலை" என்ற மாதிரி நிகழ்காலத்தில் இருக்கும். வினாத்தாளில் "பாடசாலையில் மறக்க முடியாத ஒரு நாள்" என்று கேட்டிருப்பார்கள். அப்போது மாணவர் மனனம் செய்த நான்கு வாக்கியங்களை எழுதி, சொந்தமாக நான்கு வாக்கியங்களைச் சேர்க்கிறார். முன்னது நிகழ்காலம், பின்னது இறந்தகாலம். ஒட்டுப்போட்ட இடம் பரீட்சகருக்கு உடனே தெரிந்துவிடும். மாதிரிகளை வாசிப்பது நல்லது. ஆனால் அதே மாதிரியை எடுத்து, நிகழ்காலத்தில் உள்ளதை இறந்தகாலத்துக்கு மாற்றி எழுதிப் பாருங்கள். பத்துத் தடவை மனனம் செய்வதிலும் ஒரு தடவை மாற்றி எழுதுவது பயன் தரும்.

இறுதி ஐந்து நிமிடங்கள்

தமிழோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நேரம் போய்விடுமே எனச் சிலர் கேட்கலாம். எழுதும்போது ஒப்பிட வேண்டாம். எழுதுகையில் எண்ணம் தடையின்றி ஓடட்டும். எழுதி முடித்தபின் ஐந்து நிமிடங்களை ஒதுக்கிக்கொண்டு பின்வருமாறு செய்யுங்கள்.

(அ) எழுதத் தொடங்குமுன் வினாவை வாசித்து, இது நடந்து முடிந்ததா, வழமையாக நடப்பதா, இனி நடக்கப்போவதா எனத் தீர்மானியுங்கள். அதுவே கட்டுரையின் அடிப்படைக் காலம்.
(ஆ) எழுதி முடித்தபின் வினைச்சொற்களை மட்டும் விரலால் தொட்டு வாசியுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது பென்சிலால் கோடிடுங்கள்.
(இ) அடிப்படைக் காலத்திலிருந்து விலகிய ஒவ்வொரு வினையிடமும் காரணம் கேளுங்கள். காரணம் இருந்தால் விட்டுவிடுங்கள், இல்லையேல் திருத்துங்கள்.
(ஈ) "அண்ட்", "வில்", "டிட் நொட்", "செட்" ஆகிய நான்கும் வரும் இடங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

பயிற்சி

பின்வரும் பந்தியிலுள்ள வினைகளைப் பரிசீலித்துத் திருத்துக.

"லாஸ்ட் சன்டே ஐ கெட் அப் ஏர்லி அண்ட் வென்ட் டு த மார்க்கெட் வித் மை மதர். த மார்க்கெட் இஸ் நியர் அவர் ஸ்கூல். வீ சோ அன் ஓல்ட் மேன். ஹி சிட்ஸ் நியர் த கேட். மை மதர் கிவ் ஹிம் சம் ரைஸ். ஹி டிட் நொட் செட் எனிதிங்."

விடை: கெட் என்பது "கொட்" எனவும், சிட்ஸ் என்பது "வோஸ் சிட்டிங்" எனவும், கிவ் என்பது "கேவ்" எனவும், டிட் நொட் செட் என்பது "டிட் நொட் சே" எனவும் திருத்தப்படல் வேண்டும். இரண்டாம் வாக்கியத்திலுள்ள "இஸ்" சரியானது. சந்தை இன்றும் பாடசாலைக்கு அருகிலேயே இருக்கிறது. அதனையும் "வோஸ்" என மாற்றியவர்கள், மாற்றத்துக்கான காரணத்தைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

நிறைவாக, முதலில் கண்ட மாணவியின் பந்திக்கு வருவோம். அதனை இரு வகையாகத் திருத்தலாம். தந்தை இருக்கிறார் எனின் இஸ், கோஸ், கம்ஸ், இஸ். அவர் இப்போது இல்லை எனின் வோஸ், வென்ட், கேம், வோஸ். இலக்கணப்படி இரண்டும் சரியே. எது உண்மை என்பது அந்த மாணவிக்குத்தான் தெரியும். அவளை அறியாத ஒருவரும் அதனைப் பிழையின்றி அறிந்துகொள்ளும்படி எழுதுவதற்கே இந்த நான்கு வினைகளையும் அவள் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. நீங்களும் இன்றே உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, வினைகளின் கீழ் கோடிட்டுப் பாருங்கள். பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற வாழ்த்துகின்றோம்.