ஆடுகளத்தில் யாருடைய பேச்சு எடுபடுகிறது?

கபடியில் ரெய்டு போகும் பிள்ளைக்குக் கிடைப்பது 30 விநாடிகள். எந்த மூலையில் பிடி தளர்ந்திருக்கிறது, போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பலாமா, ஆளைத் தொட இன்னும் ஓரடி உள்ளே போகலாமா என்று பாடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரால் அந்த முடிவை எடுத்துத் தர முடியாது.

ஆனால் நம் ஊர் மைதானங்களில் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரே குரல்தான் கேட்கிறது. ஆசிரியர் விசில் ஊதுவார், பிள்ளைகள் ஓடுவார்கள். தவறினால் திட்டு, சில இடங்களில் பிரம்படி. காரணம் கேட்கும் மாணவனுக்கு 'வாயாடி' என்று பெயர். இப்படியே பழகிய பிள்ளை, ஆட்டம் நெருக்கும்போது தன் அறிவை நம்பாமல் ஆசிரியரின் முகத்தைத் தேடுகிறது.

இதற்கு மாற்று வழி உண்டு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கர், தோர்ப் என்ற இருவர் 1982இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். பிள்ளைகளைச் சிறிய ஆட்டமாக ஆடவிட்டு, 'இந்த இடத்தில் வேறென்ன செய்திருக்கலாம்?' என்று அவர்களையே யோசிக்க வைப்பது அதன் சாரம். நியூசிலாந்து ரக்பி அணிக்கு 2004இல் பயிற்சியாளரான கிரஹாம் ஹென்றி, ஆட்டத்துக்கு முன் உரை நிகழ்த்தும் வழக்கத்தையே கைவிட்டார். அந்த உரை யாருக்காக என்று கேப்டன் டானா உமாகா கேட்டதுதான் காரணம். அணியின் முடிவுகளில் வீரர்களுக்கும் பங்கு கிடைத்தது. 2011இல் அந்த நாடு உலகக் கோப்பையை வென்றது. வீரரை மையமாக வைக்கும் பயிற்சி என்பது இதுதான்.

இதை இந்தப் பகுதியில் ஏன் எழுதுகிறோம்? உழைப்பை வாங்கிக்கொண்டு பேச்சை மறுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால்தான். தலித் குடும்பத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் அவரோடு ஒரே பந்தைத் தொட்டு ஆடியவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். பம்பாய் இந்து அணிக்கு அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்தது. அவருடைய தலைமை வேண்டியிருக்கவில்லை. கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1923இல்தான் அவருடைய தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது.

நூறாண்டு கடந்துவிட்டது. நம் பள்ளி அணிகளில் தண்ணீர்க் குடம் தூக்குவது யார், கோடு போடுவது யார், கேப்டன் ஆவது யார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஊர்த்தெருப் பிள்ளை யோசனை சொன்னால் அது வியூகம். சேரிப் பிள்ளை சொன்னால் அது திமிர். இந்தப் பார்வை இருக்கும்வரை, 'எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. பேசிப் பழகியவர்களே மறுபடியும் பேசுவார்கள். வாய் திறந்தால் வம்பு என்று வீட்டில் எச்சரிக்கப்பட்டு வளர்ந்த பிள்ளை தலை குனிந்தே நிற்கும்.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர்கள் திட்டமிட்டுச் செயல்பட வேண்டும். பயிற்சியின்போது கேப்டன் பொறுப்பை வாரம் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மைதான வேலைகளை முறை வைத்து எல்லோருக்கும் பிரிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் பேசாத பிள்ளையிடம் முதலில் கேட்கலாம். குடியரசு தினப் போட்டிகளுக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் அணி தேர்வு செய்யும்போது, எந்த அடிப்படையில் தேர்வு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விடுபட்ட மாணவருக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இப்படிச் செய்தால் ஒழுங்கு கெடும் என்று சிலர் சொல்லக்கூடும். ஒழுங்கு வேறு, அச்சம் வேறு. குழந்தைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது, 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. மைதானத்துக்கும் இவை பொருந்தும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணிக்குத் துணைக் கேப்டனாக இருந்தவர், சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த மாணவி. நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் வாழும் பகுதி அது. பொறுப்பைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் சுமப்பார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல்: ஏன் இந்த இடத்தில் நிற்கிறோம், ஏன் இந்த அணியில் இல்லை என்று மரியாதையோடு கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆசிரியரின் கடமை.