கத்தி வைத்தால் பரவிவிடுமா?

"கட்டியில கத்தி வைக்காதீங்க, வச்சா பரவிடும்." புற்றுநோயோ என்ற சந்தேகம் எழுந்த வீட்டில், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், அக்கறையில் சொல்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடும் இதில் இல்லை. அமெரிக்காவிலும் இந்த நம்பிக்கை உண்டு. அங்கே நுரையீரல் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களிடம் கேட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையின்போது காற்று பட்டால் புற்று பரவும் என்று 38 சதவீதம் பேர் நம்பினார்கள்.

இது தவறான நம்பிக்கை. தவறு என்பதோடு நின்றால் விட்டுவிடலாம். ஆனால் இது உயிரைக் குடிக்கிறது.

முதலில், இது எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். மார்பில் கட்டி தெரிந்தும் வெட்கத்தாலும் பயத்தாலும் ஒரு வருடம் சொல்லாமல் இருந்த பெண்ணை, புண்ணாகி நீர் வடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ போயிருக்கிறது. சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், ஆறு மாதத்தில் அவர் இறந்துவிடுகிறார். ஊர் நினைவில் தங்குவது என்ன? "நடமாடிக்கிட்டுதான் இருந்தா, ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க, அப்புறம் படுத்தவ எந்திரிக்கல." சொல்லாமல் கழித்த அந்த ஒரு வருடம் இந்தக் கதையில் வருவதே இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லா இடத்துலயும் இருக்கு" என்று அப்படியே தைத்து மூடிய கதைகளும் இப்படித்தான். திறந்ததால் பரவியதா, பரவியிருந்தது திறந்தபோது தெரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அறிஞர் அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். அத்தனை பெரிய மனிதருக்கு, அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் செய்தும் பிழைக்கவில்லையே என்று நினைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உணவுக்குழாய்ப் புற்று இன்றைக்கும் கொடுமையான வகைகளில் ஒன்று. விழுங்க முடியாமல் போகும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். அதற்குள் நோய் முற்றியிருக்கும்.

பரவுதல் என்பது கத்தி கிளப்பிவிடும் தூசி அல்ல. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. யாரும் தொடாமலேயே அது தன் செல்களை ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகின்றன. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-லேயே இதை விதையும் மண்ணும் என்று விளக்கினார். விதை எங்கும் சிந்தலாம், ஏற்ற மண் இருக்கும் இடத்தில்தான் முளைக்கும். ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியேறி, எதிர்ப்புச் சக்தியிடம் தப்பி, அந்நிய உறுப்பில் வேர்பிடிக்கிற திறமை ஒரு செல்லுக்கு அதன் மரபணு மாற்றங்களால் வருவது. ஊசி குத்தியதால் வருவது அல்ல. அந்த மாற்றங்கள் சேர்வதற்குத் தேவை காலம். அந்தக் காலத்தைத்தான் "கத்தி வேண்டாம்" என்கிறவர்கள் கட்டிக்கு இனாமாகக் கொடுக்கிறார்கள்.

சதைப் பரிசோதனை என்றால் என்ன நடக்கிறது? மார்பில் கட்டி என்றால், மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஒரு தடித்த ஊசியைச் செலுத்துகிறார்கள். ஸ்பிரிங் விடுபடும்போது ஸ்டேப்ளர் அடித்த மாதிரி ஒரு 'டக்'. சேமியா இழைபோலச் சில துண்டுகள் வெளியே வரும். ஃபார்மலினில் போட்ட அந்த இழைகளை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார் நோய்க்குறியியல் மருத்துவர். புற்றா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகிறது. பிறகு அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சில சீவல்கள் எடுத்து ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

சிகிச்சையின் எல்லா வழிகளும் இங்கிருந்துதான் பிரிகின்றன. ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை பல ஆண்டுகள் காக்கும். இல்லையென்றால் அதே மாத்திரையால் பலனில்லை. ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று என்றால் பெரும்பாலும் பெரிய அறுவையே இல்லை. மருந்தும் சிலருக்குக் கதிர்வீச்சும், அதாவது நம் ஜனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பதும், போதும். நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் தினம் விழுங்கும் மாத்திரையே முதல் சிகிச்சையாகலாம். சதை எடுக்காமல் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. கத்திக்குப் பயந்து பரிசோதனையைத் தடுப்பவர், கத்தி தேவைப்படாத சிகிச்சையையும் சேர்த்தே தடுக்கிறார்.

இன்னொன்று. கழுத்தில் நெறிகட்டினால் நம் நாட்டில் அது காசநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் தீரும் வியாதி. புற்று என்று தானே முடிவுகட்டி, சதை எடுக்கவும் விடாமல், உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஊசிமுனையளவு சதை விடுதலை கொடுத்திருக்கும்.

கத்தியின் கதையும் பழைய மாதிரி இல்லை. மார்பு முழுவதையும் அடியிலிருக்கும் தசையோடு சேர்த்து அகற்றிய காலம் ஒன்று இருந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கத்தி வைத்தாலே பரவும் என்றால் அந்தப் பெண்கள் அத்தனை ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார்கள்?

பயத்துக்குள் ஒரு சிறு உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஊசி போன தடத்தில் புற்றுச் செல் தங்குவது அரிதாக நடக்கும். அதனால்தான் விரைக் கட்டியில் ஊசி குத்துவதில்லை. கவட்டை வழியாக முழுசாக எடுத்துவிடுவார்கள். கல்லீரல் புற்றைப் பல சமயம் ஸ்கேனை வைத்தே உறுதிசெய்வார்கள். எலும்பு, தசைக் கட்டிகளில் பின்னால் அறுவை செய்யும்போது அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்கிற மாதிரி இடம் பார்த்துத்தான் ஊசி போடுவார்கள். கர்ப்பப்பைக் கட்டியை உள்ளேயே அரைத்து எடுக்கும் கருவி, மறைந்திருந்த புற்றைச் சிதறடிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. மருத்துவம் தெரிந்துகொண்டே காட்டும் எச்சரிக்கை இது. இதைக் காட்டி எல்லாக் கத்தியையும் விலக்குவது அறியாமை.

பழி போடவேண்டிய இடம் வேறு. கொழுப்புக் கட்டிதான் என்று பத்து நிமிடத்தில் கீறி எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பைக் கூடையில் போடுகிற சில சிறிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. உள்ளே மிச்சம் இருந்தது சில மாதங்களில் முன்னைவிடப் பெரிதாய் முளைக்கும்போது, "கத்தி வச்சதுதான் தப்பு" என்கிறது குடும்பம். தப்பு, பரிசோதிக்காமல் கத்தி வைத்தது. உடம்பிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியும் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்கும் மருத்துவரிடம் நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள். முடிவுத்தாளை மட்டும் வாங்கினால் போதாது. கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அவைதான் முதலில் தேவைப்படும்.

இந்தப் பயத்தை அறுவடை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று சுவரில் எழுதி மூலத்துக்கு வைத்தியம் பார்த்தவர்களின் வாசகம் இன்று புற்றுநோய்க்கும் வந்துவிட்டது. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். சட்டம் ஏட்டில் கிடக்கிறது, விளம்பரம் கைபேசியில் ஓடுகிறது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் எழுதினார்கள். அந்த இறப்புகள் எந்தச் சுவரிலும் எழுதப்படுவதில்லை.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நோயாளி வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டால் திட்டுவீர்களோ என்று பயப்படுவார். "பரவிடுமா டாக்டர்?" என்ற கேள்வியை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துப் பதில் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், தமிழில், உட்காரவைத்துச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் பயிற்சி பெற்ற செவிலியர் சொல்லட்டும். சொல்லும்போது வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மாமியாரையும் மூத்த மகனையும் உள்ளே கூப்பிடுங்கள். சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பல வீடுகளில் முடிவுசெய்கிறவர்கள் அவர்கள்தான்.