அகப்படாத பறவைகளின் கணக்கு

காக்கையை எண்ணுவது கஷ்டமான காரியமன்று. மைனாவும் கொக்கும் அப்படியே; நின்ற இடத்தில் நின்றபடியே ஐம்பது, நூறு என்று எழுதிவிடலாம். தை மாதத்துப் பறவைக் கணக்கில் மனிதனுடைய காலையும் கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை, பட்டியலின் அடியில் 'ஒன்று' என்றோ 'இரண்டு' என்றோ பதிவாகும் அபூர்வப் பறவைகளே. நாள் முழுவதும் அலைந்து ஒரே ஒரு குருவியைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன லாபம் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இவ்வாரம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறோம்.

இந்த வழக்கம் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் பண்டிகையன்று ஆண்கள் இரு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குள் போவார்களாம். கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுக் குவித்து, எந்தக் கட்சியின் குவியல் பெரிதோ அதற்கே வெற்றி என்று கொண்டாடுவார்களாம். பிராங்க் சாப்மன் என்னும் பறவை நூல் வல்லார் 1900-ஆம் வருஷத்தில், "சுட வேண்டாம், எண்ணுங்கள்" என்று ஒரு மாற்று யோசனை கூறினார். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். ஏறக்குறைய 90 இனங்கள் அகப்பட்டன. அன்று விழுந்த விதை இன்று உலகெங்கும் கிளைத்திருக்கிறது. நம் நாட்டில் 1987 முதல் ஜனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதலும், தமிழகம் முழுவதிலும் பொங்கல் விடுமுறையை ஒட்டி 2015 முதலும் இந்தக் கணக்கு நடந்து வருகிறது. கரும்பும் பொங்கலுமாக இருக்கவேண்டிய நாளில் பிள்ளைகள் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது தாய்மார்களுக்குப் பிடிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

நெல்லைச் சீமையில் எங்கள் பங்குக்கு வந்தவை இரண்டு குளங்களும், ஒரு வெற்றிலைக் கொடிக்காலும், ஊருக்கு வடக்கே கிடக்கும் பெரிய புல் பொட்டலுமாகும். குளத்துப் பறவைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீர் இருந்தது, நாரையும் தாராவும் இருந்தன, எண்ணி முடித்தோம். கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்துக்கள் எங்கள் குளத்துக்கும் வருமென்று பையன்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். இமயத்தையே தாண்டி வருகிற அந்த வாத்துக்கு இன்னும் சில மைல் பறப்பது பெரிதா என்பது அவர்கள் வாதம். வாத்து அந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

அபூர்வம் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உண்மையிலேயே தொகை குறைந்துபோன பறவை. மற்றொன்று, இருந்தும் கண்ணில் படாத பறவை. இரண்டையும் ஒன்றாக மயங்கினால் கணக்குப் பயனற்றுப் போகும். ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்வோம். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வருகிறது. நிறத்துக்கோ பஞ்சமில்லை, பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று சாயக்கடையே உருக்கொண்டு வந்தாற்போல் இருக்கும். ஆயினும், உதிர்ந்த சருகுகளுக்கிடையே பத்தடி தூரத்தில் அது நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை. விடியும் நேரத்திலும் அந்தி நேரத்திலும் சில நிமிஷம் சீழ்க்கையடித்துக் கூப்பிடும், அவ்வளவுதான். ஏழு மணிக்குக் காப்பி சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் புறப்படுகிறவருடைய ஏட்டில் ஆறுமணிக் குருவி ஒருநாளும் ஏறாது. இவ்வருஷம் நாங்கள் இருட்டிலேயே போய் வாய்க்கால் கரைப் புதரருகே உட்கார்ந்தோம். குரல் இரண்டு முறை கேட்டது, பறவையைக் காணவில்லை. 'குரல் மட்டும், ஒன்று' என்று எழுதிக்கொண்டோம்.

கொடிக்கால் வாலாட்டியின் விஷயத்தில் பெயரே விலாசமாக அமைந்திருக்கிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிற விருந்தாளி. வெயில் படாத நிழல்தான் அதற்கு வேண்டும். புத்தகத்தில் படத்தைக் காட்டிக் கொடிக்கால் விவசாயி ஒருவரைக் கேட்டோம். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்டை போட்டுக்கிட்டு இடுப்பை ஆட்டிக்கிட்டே நடக்குமே, அதுதானே வாத்தியாரய்யா? கார்த்திகையிலேயே வந்தாச்சு. தண்ணி பாய்ச்சுற அன்னைக்கு வாங்க, ஓரத்துல நிக்கும்" என்றார்.

மறுநாள் காலை தண்ணீர் பாய்ந்த பாத்தியின் ஓரத்தில், அவர் சொன்ன இடத்திலேயே, இரண்டு நின்றன.

இப்படிக் கேட்டறிவதை ஏதோ குறுக்குவழியாகக் கருதுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஜெர்டான் பறவையின் கதையை அறிய வேண்டும். ஆந்திர தேசத்தின் முட்புதர்க் காடுகளில் வாழும் இந்தச் சிறு பறவை 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை என்று நூல்கள் கூறின. அழிந்தே போயிற்று என்று பலர் எண்ணினார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கடப்பை ஜில்லாவில் அதை மறுபடியும் கண்டார்கள். கண்டுபிடிக்க உதவியவர்களோ அங்குள்ள கிராமவாசிகள். அது இரவில் நடமாடும் பறவை. பகலில் தேடியவர்களுக்கு அகப்படாததில் வியப்பென்ன? கிராமத்தாரிடம் அதற்குக் கலிவிகோடி என்று பெயரும் இருந்தது. நூல்களில் இறந்து கிடந்த பறவை ஜனங்களின் வாயில் உயிரோடிருந்தது.

இனி, வடக்குப் பொட்டலுக்கு வருவோம். பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று திரியும் பூனைப்பருந்துகள் மாலையில் அங்கே வந்து புல்லுக்குள் தரையிலேயே இறங்கித் தூங்குகின்றன. கஜகஸ்தான் முதலான மத்திய ஆசிய நாடுகளின் புல்வெளிகளிலிருந்து நம் பக்கத்துக் கரிசல் நிலத்துக்கு வருகிறவை அவை. மரத்தில் தங்குவது அவற்றின் வழக்கமன்று. சூரியன் சாய்ந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாய், சத்தமேயில்லாமல், புல்லுக்கு மேலே தாழப் பறந்து வந்து இறங்கும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் நமக்கு அலுப்பதில்லை. இவ்வருஷம் 14 வந்தன. நான்கு மாண்டேகு வகையின் ஆண்கள். சிறகின் கறுப்புக் கோட்டைக் கொண்டு தெளிவாகச் சொல்லலாம். ஒன்று சேற்றுப் பூனைப்பருந்து. மற்ற ஒன்பதும் பழுப்பு நிறப் பெட்டைகளும் இளம் பறவைகளும்.

இங்கேதான் ஒரு வழக்கு எழுந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒன்பதில் ஒன்று வெளிறிய பூனைப்பருந்து என்று சாதித்தான். அது உலகத்திலேயே தொகை குறைந்து வருகிற இனம். எங்கள் பட்டியலில் அதுவரை ஏறாத இனம். அதன் பெட்டைக்கும் மாண்டேகு வகைப் பெட்டைக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். கழுத்தைச் சுற்றிய வெளிர் வளையத்தைப் பார்த்தாக வேண்டும்.

"வளையத்தைப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டோம்.

"வெளுப்பாத் தெரிஞ்சது, ஸார்" என்றான்.

"வளையமா, வெளுப்பா?"

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவனே பென்ஸிலை வாங்கி, 'பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை, 9' என்று எழுதினான். அவன் முகம் வாடியது உண்மை. ஆனால் எங்கள் ஏட்டில் அன்று எழுதிய வரிகளுள் நமக்கு மிகவும் பிடித்தது அதுவே.

எழுதி வைப்பதன் அருமையைச் சொல்லும்போது ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் நினைவு வராமல் இருப்பதில்லை. 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்தவர் என்று அவரை நாம் அறிவோம். இந்தியப் பறவை ஆராய்ச்சிக்குத் தந்தை என்று மதிக்கப்படுபவரும் அவரே. 1872-இல் அதற்கெனத் தனிப் பத்திரிகையே தொடங்கினார். பல வருஷங்களாக அவர் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளைச் சிம்லாவில் வேலைக்காரன் ஒருவன் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டான். ஹ்யூம் மனம் வெறுத்துத் தம் மாபெரும் பறவைச் சேகரிப்பைப் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதங்களில் எந்தெந்த ஊர்ப் பறவைகளின் கணக்குச் சுண்டல் பொட்டலமாய்ப் போயிற்றோ!

தேடியும் காணாததை எழுதி வைப்பது அதைவிட முக்கியம் என்போம். கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பொட்டல்களிலும் இருந்தது. இன்று இங்கே ஒன்றுகூட இல்லை. எஞ்சியிருக்கும் சொற்பமும் பெரும்பாலும் ராஜஸ்தானத்தில்தான் இருக்கின்றன. ஒரு பறவை ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. இருபதாக இருந்தது பன்னிரண்டாகி, நான்காகி, பிறகு பூஜ்யமாகிறது. ஒவ்வொரு தையிலும் அதே பொட்டலில் அதே மாலை நேரத்தில் ஒருவர் நின்று எண்ணினாலன்றி, பன்னிரண்டுக்கும் நான்குக்கும் உள்ள தூரம் யாருக்கும் தெரிய வழியில்லை.

எங்கள் பொட்டலுக்கு இப்போது ஒரு நல்லெண்ணத்தால் ஆபத்து வந்திருக்கிறது. ஊர் இளைஞர்கள் சிலர், சும்மா கிடக்கும் தரிசில் மரக்கன்று நட்டுச் சோலையாக்குவோம் என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மரம் வேண்டாம் என்று சொல்லும் மனிதனை இந்தக் காலத்தில் யார் மதிப்பார்கள்? அவர்களைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை. பாதைக்குக் கிழக்கே, குளத்தங்கரையில் நடுவதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் புல்லில் படுக்கும் பறவைக்கு மரக்காடு வீடாகாது. வெட்டுக்கிளியைத் தின்று பயிரைக் காக்கும் பருந்து போய்விட்டால் பக்கத்துச் சோளக்கொல்லைக்காரருக்கு அந்த நிழலால் ஆவதும் ஒன்றுமில்லை.

மாசி மாதத்தில் பஞ்சாயத்துக் கூட்டம். இவ்வருஷத்து ஏட்டையும் அதற்கு முந்திய மூன்று வருஷங்களின் ஏடுகளையும் பிரதி எடுத்துத் தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். மனுக் கொடுத்த இளைஞர்களில் இருவர், வருகிற சனிக்கிழமை மாலை பொட்டலுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தரை மணிக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.