எண்ணெய்ப் பனைக்கு 9 மீட்டர் விடுங்கள்

எண்ணெய்ப் பனை நடுபவருக்குச் சொல்லப்படும் கணக்கு எளிமையானது. மரத்துக்கு மரம் 9 மீட்டர், முக்கோண நடவு, ஏக்கருக்கு 57 கன்று. ஹெக்டேர் கணக்கில் 143. அதே 9 மீட்டரைச் சதுரமாகப் பிடித்தால் ஏக்கருக்கு 50 கன்றுதான் வரும். முக்கோணத்தில் வரிசைகளின் இடைவெளி 7.8 மீட்டராகச் சுருங்குவதால், மரங்கள் நெருங்காமலே ஏழு கன்றுகள் கூடுதலாக நிற்கின்றன.

நட்ட புதிதில் இந்த இடைவெளி விவசாயியின் கண்ணை உறுத்தும். சின்னஞ்சிறு கன்றுகளுக்கு நடுவே இவ்வளவு வெற்று நிலமா? 8 மீட்டரில் நட்டால் ஏக்கருக்கு 73 கன்று வைக்கலாமே! முதல் சில அறுவடைகள் அந்த நினைப்புக்குத் துணை நிற்கும். மட்டைகள் ஒன்றையொன்று தொடாத வயதில் மரம் கூடினால் குலையும் கூடும்.

வினை பிறகுதான் வருகிறது. வளர்ந்த மரத்தின் மட்டை 7 மீட்டர் வரைகூட நீளும். நெருங்கி நிற்கும் தோட்டத்தில் மட்டைகள் பின்னிக்கொள்ள, கீழ் மட்டைகளுக்கு வெயில் எட்டாது. மரங்கள் வெளிச்சம் தேடி உயர்ந்துகொண்டே போகும். குலைக்குச் சேர வேண்டிய சத்து தண்டுக்குப் போகும். உயர்ந்த மரத்தில் குலை வெட்ட நீளமான கழியும் கூடுதல் கூலியும் வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. எண்ணெய்ப் பனையின் ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை உருவாகிறது. அது ஆண் பாளையா, பெண் பாளையா என்பது குலை அறுவடைக்கு வருவதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வெளிச்சமோ நீரோ போதாமல் வாடும் மரம் ஆண் பாளைகளையே அதிகம் விடும். அவை குலையாவதில்லை. குலை குறைந்ததைப் பார்க்கும் விவசாயி அந்த ஆண்டு போட்ட உரத்தையும் பாய்ச்சிய தண்ணீரையும் சந்தேகிக்கிறார். நட்ட நாளில் பிடித்த கயிற்றின் நீளம் அவர் நினைவுக்கு வருவதில்லை.

57 என்பது எல்லா மண்ணுக்கும் பொருந்தும் எண் என்று சொல்ல முடியாது. மலேசியாவில் சாதாரண மண்ணில் ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் வரை நடுகிறார்கள். மரத்தின் வளர்ச்சி மந்தமாக இருக்கும் கரிச்சதுப்பு நிலத்தில் 160 வரை போகிறார்கள். நெருக்கி நட்டுப் பிறகு ஏழு மரத்துக்கு ஒன்றை வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. சரியான வரிசையில் எடுத்தால், மிஞ்சும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம் திறந்துவிடும். பெருந்தோட்ட நிறுவனம் இதைத் திட்டமிட்டுச் செய்யலாம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், காய்க்கிற மரத்தை வெட்டுங்கள் என்று யார் சொல்வது? சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். அவர் நிலையில் அது நியாயமும்கூட. சிறு விவசாயிக்கு நடவின்போதே சரியான இடைவெளி அமைய வேண்டும். அந்த மரங்கள் 25 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நிற்கப் போகின்றன.

மத்திய அரசு 2021இல் ரூ.11,040 கோடியில் எண்ணெய்ப் பனைக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. கன்றுக்கான உதவித்தொகையை ஹெக்டேருக்கு ரூ.12,000-லிருந்து ரூ.29,000 ஆக உயர்த்தியது. இலக்கு ஹெக்டேரில் எழுதப்பட்டிருப்பதால் அதிகாரிகளின் கவனம் பரப்பிலேயே நிற்கிறது. பரப்பு கூடிவிட்டால் எண்ணெய் கூடிவிடாது. குழி எடுக்கும் நாளில் களப் பணியாளர் கயிற்றுடன் வயலில் இருக்க வேண்டும்.

வெற்று நிலத்தின் உறுத்தலுக்குச் சரியான பதில் ஊடுபயிர். காய்ப்புக்கு வரும் வரையான முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்கறி, பூ, வாழை என்று வருமானம் பார்க்கலாம். மரம் வளர்ந்த பிறகு ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களைப் போல கோகோ வைக்கலாம். இயக்கத்தில் ஊடுபயிருக்கும் உதவி உண்டு. அந்தப் பணம் தாமதமின்றி விவசாயியின் கைக்குப் போனால், 73 கன்று நடும் ஆசை பெருமளவு அடங்கும்.