மூன்று பண்பாடுகளின் நகரத்தில் இரண்டைக் காணேல்லை

தென் ஸ்பெயினுக்குப் போற ஆக்களுக்கு கோர்டோபா பெரும்பாலும் ஒரு பகல் நகரம். செவியாவில் காலமை வேக ரயில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் இறங்கலாம். பள்ளிவாசல்-பேராலயம், யூதர் தெருக்கள், கோட்டை அரண்மனை, ரோமர் பாலம், பூச்சட்டி தொங்குற ஒரு ஒழுங்கை. பின்னேரம் திரும்பிவிடலாம். நாங்களும் அப்படித்தான் சுத்திப் பார்த்தோம். போன இடமெல்லாம் ஒரே வசனம் காதில் விழுந்தது: முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒற்றுமையாக வாழ்ந்த "மூன்று பண்பாடுகளின் நகரம்" இது. அந்த வசனத்தோடதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். 785 அளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல், இருநூறு வருசத்தில் மூன்று முறை பெருப்பிக்கப்பட்டது. 850க்கும் மேற்பட்ட தூண்கள் இப்பவும் நிற்கின்றன. சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்குள்ளால் நடந்துகொண்டு போக, நடுவில் திடீரென்று ஒரு பேராலயம் முளைக்கும். 1236இல் மூன்றாம் பெர்னாண்டோ நகரைப் பிடித்த பிறகும் ஏறக்குறைய முந்நூறு வருசம் அந்தத் தூண் காடு பெரும்பாலும் அப்படியேதான் கிடந்தது. 1523இல் நடுப்பகுதியை இடிக்க ஆயர் புறப்பட்டபோது எதிர்த்தது நகரசபை. இடிக்கிற வேலைக்குப் போறவனுக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. அந்தச் சபையில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள். அரசர் ஐந்தாம் கார்லோஸ் தேவாலயத்தின் பக்கம் நின்றார். இடித்தார்கள்.

இது பழங்கதை என்று விடலாமா? 2006இல் மறைமாவட்டம் இந்தக் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்தது. செலவு 30 யூரோ. வழிபாட்டிடங்களைத் தேவாலயம் தானே எழுதிப் பதிவதற்கு 1998இல் அரசாங்கம் கதவு திறந்துவிட்டிருந்தது. 2015இல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. ஆனால் பதிந்தது பதிந்ததுதான். உலகமே தன் மரபுரிமை என்று 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் போட்ட கட்டடம், ஒரு நல்ல இராச்சாப்பாட்டுக் காசுக்குக் கைமாறினது. 2014இல் கூகுள் மேப்பிலிருந்து "பள்ளிவாசல்" என்ற சொல் காணாமல் போய், ஆக்கள் சத்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தது. உள்ளே முஸ்லிம்கள் தொழ இண்டைக்கும் அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்தார்கள், மறுக்கப்பட்டது. தரையில் ஓரிடத்தில் கண்ணாடி போட்டு, கீழே இருக்கிற பழைய கற்பதிப்பைக் காட்டுகிறார்கள். பள்ளிவாசலுக்கு முன்னமே இங்கே தேவாலயம் இருந்தது, ஆகவே இது எங்கட இடம் என்பதுதான் அதன் வாதம். ஆர் முதலில் வந்தது என்று மண்ணைக் கிண்டிக் காட்டுற அரசியல் எங்களுக்குப் புதுசில்லை.

யூதர் தெருக்களுக்கு வருவோம். வெள்ளைச் சுவர், நினைவுப்பொருள் கடை, மைமோனிடிசின் சிலை. தொழுகைக்கூடம் என்று மிஞ்சியிருப்பது 1315இல் கட்டின ஒரு சின்ன அறை. 1492இல் யூதர்களைத் துரத்திய பிறகு அது விசர்நாய் கடித்த நோயாளிகளுக்கான மருத்துவமனையானது. பிறகு சப்பாத்துத் தைக்கிறவர்களின் சங்கத்துக்குப் போனது. நாலு எட்டில் இருக்கிற கோட்டை அரண்மனை முந்நூறு வருசத்துக்கு மேல் மதவிசாரணை மன்றத்தின் இருப்பிடம். ஆக்களை அடைத்து விசாரித்த இடத்தில் இப்ப நீரூற்றும் தோடை மரங்களும். படம் எடுக்க நல்ல இடம்தான்.

"அப்ப முஸ்லிம் ஆட்சி மட்டும் திறமோ?" என்று கேட்பீர்கள். இல்லை. கிறிஸ்தவர்களும் யூதர்களும் தனி வரி கட்டின இரண்டாந்தரக் குடிகள்தான். மைமோனிடிசின் குடும்பம் ஊரை விட்டுப் போனது அல்மொஹாத் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களின் கெடுபிடியால். 997இல் தளபதி அல்மன்சூர் சந்தியாகோ தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து பள்ளிவாசலில் விளக்காகத் தொங்கவிட்டான். 1236இல் பெர்னாண்டோ அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினான். ஒற்றுமை என்று விற்கிற கதைக்குள் இந்தத் தோள்களுக்கு இடமில்லை. எங்கட கோபம் அதில்தான்.

கணக்கு இன்னும் தீரவில்லை. 1492இல் துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்கு ஸ்பெயின் 2015இல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயத்தில் கிறிஸ்தவரான முஸ்லிம்களின் பிள்ளைகள், கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மூன்று பண்பாடு என்று மேடையில் சொல்லுற நாடு, மன்னிப்பில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டது.

இதை எழுத எங்களுக்கு என்ன தேவை? ஸ்பெயினும் போர்த்துக்கலும் முஸ்லிம்களைக் குறித்த அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயர் கப்பலில் இங்கேயும் கொண்டுவந்தார்கள். எங்கட சோனகர் ஆங்கிலப் பத்திரங்களில் இண்டைக்கும் "மூர்". 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். துரத்திப்போட்டு "நாங்கள் ஒற்றுமையாத்தான் இருந்தனாங்கள்" என்று கதைக்கிறது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே கோர்டோபாவுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல வரேல்லை. போங்கோ. தூண்களுக்கு நடுவில் நில்லுங்கோ, அப்படியொரு அழகு லேசில் கிடையாது. ஆனால் டிக்கெட் காசு ஆருக்குப் போகுது, பத்திரம் ஆர் பெயரில் இருக்கு, தொழ வந்தவரை ஏன் தடுக்கினம் என்று வழிகாட்டியிடம் கேளுங்கோ. அந்தக் கட்டடம் பொதுச் சொத்தாக வேண்டும், இரண்டு பெயரும் வாசலில் இருக்க வேண்டும், கேட்கிறவர்களுக்குத் தொழ ஒரு மூலை திறக்க வேண்டும். அதுவரைக்கும் மூன்று பண்பாடு என்பது சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தின் வசனம் மட்டும்தான்.